ஹுலூசி வாய் திறக்கவில்லை

ரெஃபிக்கின் உடலைப் பள்ளிவாசல் முற்றத்துக் கல்மேடையில் கிடத்தியபின் இமாம் கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது தெற்குக் காற்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. சந்தூக்குப் பெட்டியின் மேல் போர்த்திய பச்சைத் துணியின் ஒரு முனை மட்டும் பறந்து பறந்து அடங்கியது. பெண்கள் மதிலோரமாக நின்றார்கள். பெரிஹானின் கண் அந்தத் துணி முனையிலேயே இருந்தது. யாராவது அதை இழுத்துச் செருகக் கூடாதா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த கணவர் போகிற நேரத்தில் மனசு இப்படி ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டு தொங்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"இவரு எப்படிப்பட்டவரு?" என்று இமாம் கேட்டார்.

"நல்லவரு" என்றது கூட்டம்.

"இவரு மேல உங்களுக்கு இருக்கிற பாத்தியதை எதுவானாலும் விட்டுக்குடுக்கறீங்களா?"

"ஹலால்!"

வழக்கப்படி மூன்று முறை கேட்டார், மூன்று முறை சொன்னார்கள். உன்மேல் எனக்கு இருந்த மனக்குறை, வழக்கு, வருத்தம் எல்லாவற்றையும் விட்டேன், சுமையில்லாமல் போய்ச் சேர் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல் தாங்கும். ஆறு வருஷமாக ரெஃபிக்கோடு முகம் கொடுத்துப் பேசாத வலைக்காரர்கூடத் தொண்டை கிழியச் சொன்னார். அந்தச் சத்தத்தில்தான் பெரிஹான் துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். முதல் வரிசையின் இடது கோடியில், எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக, காப்பிக்கடை ஹுலூசி நின்றிருந்தார். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார். உதடுகள் ஒட்டிப்போயிருந்தன. மூன்றாம் முறையும் அவை பிரியவில்லை.

தான் மட்டும்தான் பார்த்தோம் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் ரெஃபிக்கின் அக்கா குலிஸார், துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சூப் ஊற்றியபடியே ஆரம்பித்தாள்.

"அந்தக் காப்பிக்கடைக்காரனப் பாத்தியா? வாய்ல என்ன ஆலிவ் கொட்டையா அடக்கி வச்சிருந்தான்? ஊரே சொல்லுது, இவன் மரமாட்டம் நிக்கறான்."

"பாத்தேன்க்கா."

"என் தம்பி அவனுக்கு என்ன குறை வச்சான்? தெனம் ரெண்டு வேளை அங்கதான கெடந்தான்? ஒருத்தன் சொல்லலைன்னா அந்தச் சுமையோடதான் போகணும், தெரியுமில்ல? நாப்பதாம் நாள் ஓதறதுக்குள்ள இத முடிச்சாகணும், பெரிஹான். நீ போய்க் கேளு."

"ஆம்பளைங்க உக்காந்திருக்கிற எடத்துக்கு நான் எப்படிப் போறது?"

"அப்ப ஆம்பளைய அனுப்பு. இருந்தா."

குலிஸார் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் நாக்குக்குக் கதவு கிடையாது. பிள்ளை இல்லாத வீட்டில், கல்மேடையில் இருந்து இறக்கிய ஆறாவது மணி நேரத்தில், அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கரண்டியை அடுத்த கிண்ணத்துக்கு நகர்த்தினாள்.

பெரிஹான் விடை தெரியாத கேள்வியோடு தூங்கிப் பழகாதவள். அய்வாலிக் ஊர் ஆலிவ் எண்ணெய்க் கூட்டுறவுச் சங்கத்தின் பரிசோதனை அறையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவள். எண்ணெயைக் குடுவையில் ஊற்றி, மேலே இருந்து துளித்துளியாக மருந்தை விட்டு, இளஞ்சிவப்பு நிறம் வந்து நிலைக்கிற துளியில் நிறுத்தி, புளிப்பு எத்தனை என்று எண் போட வேண்டும். புளிப்பு ஏறினால் விலை இறங்கும் என்று தோட்டக்காரர்கள் வந்து கெஞ்சுவார்கள், கத்துவார்கள், ஒருத்தர் ஒரு முறை அழவே செய்தார். அவள் எண் மாறாது. "பெரிஹான் போட்டா போட்டதுதான்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்த அறையின் பம்பு பழுதானபோது அதைச் சரிசெய்ய வந்தவர்தான் ரெஃபிக், படகு எஞ்சின் மெக்கானிக். பம்பு அரை மணியில் ஓடியது. அதன்பிறகும் மூன்று நாள் வந்து அதைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். நான்காம் நாள் அவளே கேட்டுவிட்டாள், "இது பம்புக்கு வியாதியா, உங்களுக்கா?" என்று.

அந்த ரெஃபிக் பதின்மூன்று மாதங்களுக்கு முன்னால் படகுத்துறையில் மயங்கி விழுந்தார். இதயக் குழாயில் கோளாறு என்று டாக்டர் சொன்னார். சிகரெட் கூடாது, காப்பி கூடவே கூடாது. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்புகிற வழியிலேயே சிகரெட் பெட்டியைக் கடலில் விட்டெறிந்தார். அதைப் பார்த்த பெரிஹான், சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷன் என்று நிம்மதியானாள். வீட்டில் இருந்த காப்பித்தூளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவர் முன்னால் தான் மட்டும் குடிப்பது நியாயமில்லை என்று தானும் விட்டாள். இருபது வயசில் இருந்து காலையில் காப்பி குடித்தவளுக்கு முதல் மாதம் முழுக்கத் தலைவலி. வெளியில் சொல்லவில்லை.

"அப்ப ஹுலூசி கடைல போய் என்ன பண்ணுவீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"காஞ்ச பூவக் கொதிக்க வச்சுப் பூத்தண்ணி போட்டுத் தரான். எனக்குன்னு தனியா. நல்ல மனுஷன்" என்றார் ரெஃபிக்.

அவளும் நம்பினாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் தலையில் முக்காடைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் இருந்து கடை முந்நூறு அடி. முப்பத்தொரு வருஷத்தில் அந்த வாசலைக் கடந்து எத்தனை ஆயிரம் முறை சந்தைக்குப் போயிருப்பாள்! உள்ளே காலெடுத்து வைத்தது அன்றுதான் முதல். பெண்கள் வரக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அவள் நுழைந்ததும் நான்கு ஆண்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தர் செருப்பைத் தேடினார். பகடைப் பலகைக்கு மேல் உயர்ந்த கை அப்படியே நின்றது. கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. நாற்காலிகளில் ஒன்றைப்போல ஒன்று இல்லை; வருகிறவன் அவனவன் நாற்காலியை வீட்டில் இருந்து கொண்டுவந்து போட வேண்டும் என்பது ஹுலூசியின் சட்டம். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது:

"தேநீர் கிடையாது. இலைத்தண்ணீர், பூத்தண்ணீர் எதுவும் கிடையாது. வேண்டுவோர் அடுத்த தெருவுக்குப் போகவும்."

பெரிஹான் அதை இரண்டு முறை படித்தாள்.

"இது எப்ப எழுதினது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். பெக்தாஷ், ஓய்வு பெற்ற படகுக் கேப்டன். ரெஃபிக்கின் பகடைக் கூட்டாளி.

"அதுவா மதினி? கடை தொறந்த அன்னைக்கு. முப்பத்தாறு வருஷம் ஆச்சு. எழுத்து மங்கினா மேலயே எழுதுவான். இந்த நாட்டுல தேநீர் இல்லாத கடை வேற எங்க இருக்கு? ஒரு தடவ ஊர்த் தலைவர் வந்து தேநீர் கேட்டாரு. வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய், அடுத்த தெருவுக்கு வழி காட்டிட்டு வந்தான்."

"பூத்தண்ணி கூட?"

"செத்தாலும் தரமாட்டான்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று கேப்டனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கேப்டன் காட்டிய நாற்காலியில் பெரிஹான் உட்கார்ந்தாள். பதின்மூன்று மாதம். தலைவலி பொறுத்துக்கொண்டு, யார் வீட்டுக்குப் போனாலும் "எனக்கு வேண்டாம்" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்து, அவள் கணவனுக்காக விரதம் இருந்தாள். அவர் முந்நூறு அடி தள்ளி உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஹுலூசி வந்து எதிரே நின்றார். அறுபத்தைந்து வயசு, மீசை முழுக்க வெள்ளை. அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"சக்கரை எப்படி மதினி?"

"நான் காப்பி குடிக்க வரல அண்ணே."

"இங்க வந்தா காப்பிதான். சக்கரை எப்படி?"

"நடுவா" என்றாள். வேறென்ன சொல்வது?

அவர் போய் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தார். காஸ் அடுப்பு இருந்தது. அது பாத்திரம் கழுவ வெந்நீர் போட மட்டும். காப்பி வைக்க ஆலிவ் விறகுச் சாம்பல். தணலை ஒதுக்கி, சூடான சாம்பலில் நீண்ட கைப்பிடி வைத்த செம்புக் குவளையைப் புதைத்து, ஒரு குவளையில் ஒரே ஆளுக்கு. நாலு பேர் கேட்டால் நாலு தடவை. அவசரம் என்று சொன்னவனை அதற்கப்புறம் கடைசியில்தான் கவனிப்பார். பெரிஹான் பொறுத்துப் பார்த்தாள். கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று எழுந்தாள்.

"ஹுலூசி அண்ணே, அன்னைக்குப் பள்ளிவாசல்ல..."

அவருடைய இடது கை மேலே உயர்ந்தது. கடை மொத்தமும் ஊமையானது. பகடையை உருட்டப் போனவர் அதை உள்ளங்கையிலேயே மூடிக்கொண்டார்.

"நுரை எழும்புது மதினி" என்று கேப்டன் காதோடு சொன்னார். "கை எறங்குற வரைக்கும் பேசக் கூடாது. பேசினா அதக் கொட்டிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிப்பான்."

கை இறங்கியது. காப்பி வந்தது. குடித்து முடிக்கும்வரை விருந்தாளியிடம் காரியம் பேசக் கூடாது என்றார்கள். குடித்தாள். நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாக்கின் ஓரத்தில் கசப்பும் நடுவில் இனிப்பும், மேலே பட்டுப்போல நுரையும், பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு. உடம்பே அவளுக்குத் துரோகம் செய்ததுபோல இருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள். வேறு யாரோ காப்பி கேட்டிருந்தார்கள். கை மறுபடியும் மேலே போனது. அப்புறம் இன்னொருத்தர். மூன்றாம் கை இறங்கியபோது மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். ஹுலூசி எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். தொழுகை, சாப்பாடு, தூக்கம் முடிந்து மூன்று மணிக்குத்தான் திறப்பார்.

தெருவில் நின்றுகொண்டு பெரிஹான் சாத்திய கதவைப் பார்த்தாள். எட்டி உதைக்கலாம்போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது ரெஃபிக்கின் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் நின்று, "பூத்தண்ணியா? பூத்தண்ணி!" என்றாள். கோட்டு என்ன பதில் சொல்லும்? செத்துப்போனவரோடு சண்டை போடுவதில் உள்ள பெரிய தொல்லை, அவர்கள் கடைசி வரைக்கும் அடங்கி உட்கார்ந்திருப்பதுதான்.

அடுத்த வாரம் ஒரு பையை நிரப்பிக்கொண்டு போனாள். ரெஃபிக் கடனாளி இல்லை, யாரிடமும் காசு வாங்கியவர் இல்லை. ஆனால் சாமான் இரவல் வாங்குவார், திருப்பிக் கொடுக்க மறப்பார். வீடு முழுக்கத் தேடி, தங்களுடையதில்லை என்று தோன்றியதையெல்லாம் எடுத்துப் போட்டாள். ஒரு குடை. ஒரு ரம்பம். பகடைக் காய்கள் மூன்று. சாவி இல்லாத ஒரு பூட்டு. நுரைக்குக் கை தூக்காத ஒரு இடைவெளி பார்த்துப் பையை ஹுலூசியின் முன்னால் கவிழ்த்தாள்.

"இதுல எது உங்களுது, எடுத்துக்குங்க."

ஹுலூசி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "குடை என்னுது இல்ல."

"என்னுது" என்றார் கேப்டன். "நாலு வருஷமாத் தேடறேன்! மழைல நனைஞ்சு எனக்குச் சளியே புடிச்சுது. அவன்கிட்டயே கேட்டேனே, எங்கடா குடைன்னு? கடல்ல போயிருக்கும்னான், படுபாவி." சொல்லிவிட்டுச் சட்டென்று குடையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டார். "ஹலால், ஹலால். குடைக்கும் சேத்து ஹலால்."

"ரம்பம்?" என்றாள் பெரிஹான்.

"என்னுதுதான்" என்றார் ஹுலூசி. எடுத்து ஆணியில் மாட்டினார்.

"இப்பச் சொல்லலாமில்ல? ரம்பம் வந்துடுச்சு. இப்ப அவருக்கு விட்டுக்குடுத்துச் சொல்லுங்க."

ஹுலூசியின் தாடை அசைந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் திரும்பிப் போய் அடுப்பின் முன்னால் குந்தி, ஊத வேண்டிய அவசியமே இல்லாத சாம்பலை ஊதினார். மீசையில் சாம்பல் ஒட்டியது.

"அடக்கம் பண்ணின நாள்லேர்ந்தே அவன் இப்படித்தான் மதினி" என்றார் கேப்டன் தாழ்ந்த குரலில். "பேச்சு கம்மி. முந்தாநாள் எனக்குச் சக்கரை போட மறந்துட்டான். இருபது வருஷத்துல மொத தடவ."

"என்ன கேப்டன் இது, ரம்பத்துக்கா இவ்வளவு வன்மம்?"

"ரம்பமா இருக்காது. வேற என்னன்னும் தெரியல. நாங்களும் கேட்டுப் பாத்துட்டோம்."

அப்படியே மூன்று வாரம் ஓடியது. பெரிஹான் காலையில் போனாள், சாயங்காலம் போனாள், மழையில் போனாள். ஒவ்வொரு முறையும் ஒரு காப்பி, ஒரு தூக்கிய கை, ஒரு சாத்திய கதவு. ஊரில் பேச்சு கிளம்பியது. "ரெஃபிக் நாற்காலிய அவன் பொண்டாட்டி புடிச்சுக்கிட்டா" என்று மீன்சந்தையில் சிரித்தார்கள். அவள் கேட்டாள், கடந்து போனாள். குலிஸார் தினமும் சாயங்காலம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"சொன்னானா?"

"இல்ல."

"நீ சரியா கேக்கல."

"வாயில கையவிட்டா புடுங்க முடியும்?"

"இருபத்தேழு வருஷம் எண்ணெய்லேர்ந்து புளிப்பப் பிரிச்சவ, ஒரு மனுஷன்கிட்டேர்ந்து ஒரு சொல்லப் பிரிக்கத் தெரியல!"

முப்பத்தொன்பதாம் நாள், பொழுது விடிந்தும் விடியாத நேரம், கடையில் ஆள் சேர்வதற்கு முன்னால் போனாள். ஹுலூசி தனியாக உட்கார்ந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிஹான் உட்காரவில்லை.

"நாளைக்கு நாப்பது. தெருவுல லோக்மா போடறோம், வீட்ல ஓதறாங்க. இன்னைக்கு நீங்க காப்பி போடக் கூடாது, கையத் தூக்கக் கூடாது. அவரு உங்களுக்கு என்ன பண்ணினாரு? திருடினாரா? ஏமாத்தினாரா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் தாங்கிக்கறேன். தெரியாம இருக்கறதுதான் தாங்க முடியல."

ஹுலூசி கையில் இருந்த விறகைக் கீழே வைத்தார்.

"அவன் எனக்கு ஒண்ணும் பண்ணல மதினி."

"அப்ப ஏன் சொல்லல?"

"அன்னைக்குத் தொழுகைக்கு நிக்கறதுக்கு முன்னாடி, தண்ணிக் குழா கிட்ட, குலிஸார் அக்கா யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தாங்க. டாக்டர் காப்பியே கூடாதுன்னு சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, என் தம்பி ஒரு சொட்டு தொடலன்னு. அப்பத்தான் எனக்குத் தெரியும்."

பெரிஹான் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. மயங்கி விழுந்தது வாயுன்னான். நெஞ்சத் தேச்சா வாயுன்னான். சிகரெட் ஏன்டா விட்டேன்னு கேட்டேன், பெரிஹானுக்குப் புகை ஆகலன்னான். நான் போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். அவன் செத்த அன்னைக்கும் குடுத்தேன். இங்கேர்ந்து எழுந்து துறைக்குப் போனவன்தான்." அவர் குரல் உடையவில்லை, காய்ந்துபோய் இருந்தது. "குழா கிட்ட அதக் கேட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகல, அவன் கல்லு மேல கெடக்கான். இமாம் என்னப் பாத்துக் கேக்கறாரு, உன் பாத்தியதைய விடறியான்னு. எனக்கு என்ன பாத்தியதை? அவனுக்குல்ல எம்மேல பாத்தியதை? அவனில்ல எந்திரிச்சு எனக்கு ஹலால் சொல்லணும்? நான் பெரிய மனுஷனாட்டம் வாயத் தொறந்து எப்படிச் சொல்ல?"

"அன்னைக்கு எத்தனை குடுத்தீங்க?" என்று பெரிஹான் கேட்டாள். தன் குரல் பரிசோதனை அறைக் குரலாக ஒலித்தது அவளுக்கே கேட்டது.

"ரெண்டு."

"மத்த நாள்ல?"

"ரெண்டு. வெள்ளிக்கிழமை மூணு."

மனசு அது பாட்டுக்குப் பெருக்கியது. மாதம் அறுபத்துநாலு. பதின்மூன்று மாதம். எண்ணூற்றுச் சொச்சம். எண் கிடைத்துவிட்டது. எந்தத் துளியில் நிறம் மாறியது என்று மட்டும் தெரியவில்லை. காப்பியால்தான் என்று சொல்ல முடியாது, குழாய் ஏற்கெனவே பழுது, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதையும் அவள் அறிவாள். அறிந்து என்ன?

"ஒண்ணு கேக்கட்டா மதினி? கோவிச்சுக்காதீங்க."

"கேளுங்க."

"இந்த வாசல் வழியாத்தான தெனம் போனீங்க. நீங்க ஏன் உள்ள வந்து எங்கிட்டச் சொல்லல? ஹுலூசி, இவருக்குக் காப்பி ஆகாதுன்னு. ஒரே வார்த்த. அப்புறம் அவன் காலப் புடிச்சாலும் நான் குடுத்திருப்பேனா?"

பெரிஹானுக்கு முகம் சுட்டது. ஏன் சொல்லவில்லை? ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடம் என்பதாலா? புருஷனை வேவு பார்க்கிறவள் என்று பேச்சு வரும் என்பதாலா? சிகரெட்டைக் கடலில் எறிந்தவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்பதாலா? மூன்றும்தான். முந்நூறு அடி. சந்தைக்குப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. கதவு திறந்துதான் கிடந்தது. எண்ணெயில் எவனாவது கலப்படம் செய்தால் மூடியைத் திறந்ததும் மோப்பம் பிடிக்கிறவள், கணவனின் கோட்டில் இருந்து தினமும் வந்த ஆலிவ் சாம்பல் வாசனையையும் வறுத்த காப்பிக்கொட்டை வாசனையையும், கடை வாசனை என்று விட்டுவிட்டாள்.

"தெரியல அண்ணே" என்றாள்.

ஹுலூசி எழுந்தார். தொப்பியை எடுத்துவிட்டு, ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்து, கூட்டத்தின் முன்னால் நிற்பவர்போல நிமிர்ந்து நின்றார்.

"ரெஃபிக் மேல எனக்கு ஏதாவது பாத்தியதை இருந்தா, விட்டேன். எங்கிட்டப் பொய் சொன்னதுக்கும் விட்டேன். ஹலால். ஹலால். ஹலால்."

முப்பத்தொன்பது நாள் அலைந்த சொல். எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. தோளில் இருந்து ஒன்றும் இறங்கவில்லை. அடுப்பில் ஒரு விறகு வெடித்தது.

"இனி உங்ககிட்டதான் மதினி" என்றார் ஹுலூசி. "அவன் சொல்ல முடியாது. அவனுக்காக நீங்க சொல்லலாமான்னு இமாம்கிட்டக் கேட்டேன், சொல்லலாம்னாரு. நான் தெரியாமக் குடுத்தது. எல்லாத்துக்கும் சேத்து ஒரு தடவ சொல்லிடுங்க. மூணு வேண்டாம், ஒண்ணு போதும்."

அவர் காத்திருந்தார். அவ்வளவு உயரமான ஆள் குனிந்து நின்றதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அவர் மேல் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தப்பு செய்தவர் மண்ணுக்குள் இருக்கிறார், இன்னொரு பங்கு தன்னிடம் இருக்கிறது, இந்த மனுஷன் காப்பி போடத் தெரிந்த பாவத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். எல்லாம் தெரிந்தது. வாயைத் திறந்தாள். 'ஹ' என்று காற்று வந்தது. அதற்கு மேல் சொல் வரவில்லை. எண்ணூறு கிண்ணமும் அங்கே வரிசையாக வந்து நின்றதுபோல இருந்தது.

வாயை மூடிக்கொண்டாள். பள்ளிவாசல் முற்றத்தில் அவர் எப்படி மூடினாரோ, அப்படி.

வாசலில் கேப்டனின் இருமல் கேட்டது. பெரிஹான் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வீடு வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள். ஊராரை மாதிரி உரக்கச் சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே? வலைக்காரர் சொன்னார். கேப்டன் குடைக்கும் சேர்த்துச் சொன்னார். மனசில் இல்லாததை வாயால் சொல்ல உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் முடியாதா? பெரிஹான் போட்டால் போட்டதுதானாம். பெரிய பெருமை!

"சொன்னானா?" என்றாள் குலிஸார், மாவு பிசைந்த கையோடு.

"சொல்லிட்டாரு."

"அப்பாடா! என் தம்பிக்குப் பாரம் எறங்குச்சு. என்ன குறையாம் அவனுக்கு?"

தண்ணிக் குழாய் அருகே அவள் பேசியதைச் சொல்லிவிடலாமா என்று பெரிஹானுக்கு நாக்கு துடித்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? இன்னொரு வாய் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்ல. ரம்பம்" என்றாள்.

"ரம்பத்துக்கா! சின்ன புத்தி" என்று குலிஸார் மாவைப் போட்டு அறைந்தாள்.

மறுநாள் தெருவில் பெரிய வாணலி ஏற்றி லோக்மா பொரித்தார்கள். இறந்தவர் பெயரில் போவோர் வருவோருக்கெல்லாம் கொடுப்பது. வாசல் முதல் முக்கு வரை வரிசை நின்றது. பாகில் ஊறிய சூடான உருண்டைகளைப் பெரிஹானே கரண்டியில் அள்ளித் தட்டுகளில் போட்டாள். உள்ளே ஆண்கள் உட்கார்ந்து ஓதும் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. கேப்டனும் காப்பிக்கடையில் உட்காரும் மற்ற மூவரும் எப்போதோ உள்ளே போயிருந்தார்கள்.

ஹுலூசி எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தார். சலவை செய்த சட்டை. கடையைப் பகலில் சாத்திவிட்டு வந்திருந்தார். வரிசையிலும் நிற்கவில்லை, உள்ளேயும் போகவில்லை. அரை மணி நேரம் அப்படியே நின்றார். பெரிஹான் பார்க்காததுபோல அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள். கை வலித்தது. அப்புறம் அவர் வந்து வரிசையின் கடைசியில் நின்றார். ஒவ்வொரு அடியாக நகர்ந்து முன்னால் வந்தார். தட்டு நீட்டவில்லை. கைகள் இரண்டும் தொப்பியில் இருந்தன.

"உள்ள போங்க அண்ணே" என்றாள் பெரிஹான். "ஓதறாங்க."

"வரலாமா?"

"வாங்க. உங்களுக்கு எடம் போட்டு வச்சிருக்கு."

அவர் நகரவில்லை. "அது?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் முயன்று பார்த்தாள். நிஜமாகவே முயன்றாள்.

"இன்னும் வரல அண்ணே. பொய்யாச் சொல்ல எனக்குத் தெரியல."

ஹுலூசி தலையை ஆட்டினார். அதில் கோபம் இல்லை, ஆறுதலும் இல்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டு, வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனார். அவருக்குப் பின்னால் நின்ற பெண் தட்டை நீட்டினாள். பெரிஹான் கரண்டியைப் பாகுப் பாத்திரத்தில் விட்டு அடுத்த உருண்டைகளை அள்ளினாள்.